அக்கா சுமந்து வந்த பிறந்த வீட்டுச் சோறு

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் என்னை எழுதச் சொன்னவன் அவருடைய ஒரே மகன் செந்தில். அந்தத் தகுதி எனக்கு உண்டா என்று அவனிடமே கேட்டேன். "உங்களுக்குத் தெரிஞ்ச அளவுக்கு அம்மாவ வேற யாருக்குங்க மாமா தெரியும்?" என்றான். தெரிந்துதான் அவருக்கு ஒரு குறையைச் செய்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கொடுமுடிக்குப் பக்கத்தில், காவிரி வாய்க்கால் பாயும் ஊரில். எங்கள் சிறு வயதிலேயே தாயார் போய்விட்டதால், அடுப்பும் நானும் அவர் பொறுப்பானோம். நான் கல்லூரி வரை படித்து ஆசிரியரானேன். அக்கா கருமத்தம்பட்டியில் வாழ்க்கைப்பட்டார். செந்தில் பள்ளியில் படிக்கும்போதே அத்தான் காலமானார். அக்கா தறிக்கூடத்தையும் இரண்டு எருமைகளையும் வைத்துக்கொண்டு மகனை இன்ஜினியராக்கினார். யார் வீட்டிலும் போய்க் குறை சொல்லி நின்றவரல்ல.

செந்தில் நூற்பாலை இயந்திரங்களை நிறுவுவதற்காக மெக்சிகோ போனான். திரும்பி வரும்போது அந்த நாட்டுப் பெண் லூப்பேயை மணந்து அழைத்து வந்தான். என் மகள் அவனுக்கு முறைப்பெண். சிறு வயதிலிருந்தே அவனுக்குத்தான் என்று நான் முடிவு செய்து வைத்திருந்தேன். வாசலில் நின்றபடியே, "இனி இந்த ஊட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பின் பொங்கல் சீர் கொண்டு போவேன். தட்டை வைத்துவிட்டு ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்புவேன்.

லூப்பே கர்ப்பமானபோது அவளுக்கு எந்தச் சோறும் இறங்கவில்லை. அவள் ஊரில் தினமும் சட்டியில் வேகும் பயற்றுக் குழம்பைத்தான் மனம் கேட்டது. அக்கா முதலில் தட்டப்பயற்றில் செய்து பார்த்தார், சரிவரவில்லை. பிறகு டவுனில் சேட்டுக் கடையில் ராஜ்மா வாங்கி வரச் செய்தார். கர்ப்பிணிக்குப் பிறந்த வீட்டார் சோறு கட்டிக் கொண்டு வந்து போடும் கட்டுச்சோற்றுக்கு நாள் குறித்திருந்த சமயம் அது. லூப்பேயின் பிறந்த வீட்டு முறைக்கு என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். முடியாது என்று நேரில் சொல்லவே போனேன்.

மாமியாரும் மருமகளும் விறகடுப்பின் முன் இருந்தார்கள். லூப்பே அதற்குள் அக்காவின் தமிழையே பேசப் பழகியிருந்தாள். இரவே ஊறவைத்த பயறு, வெங்காயமும் பூண்டும் சேர்ந்து மண்சட்டியில் வெந்துகொண்டிருந்தது. பயறு மலர்ந்த பிறகுதான் உப்பு. அவள் ஊரில் சேர்க்கும் பன்றிக்கறிக்குப் பதிலாக அக்கா உப்புக்கண்டத்தை வறுத்து, தக்காளியும் சுட்ட மிளகாயும் வதக்கி அதில் கொட்டினார். பிறகு கை தானாக மத்தைத் தேடியது.

"கடைஞ்சு போடட்டுமா அம்மணி?"

"வேண்டாங்கத்தை. ஒரு கரண்டி மட்டும் மசிச்சு ஊத்துங்க, கெட்டியாயிரும்."

"கடையாத பயறு என்ன பயறோ போ!"

"எங்கூர்ல முழுசா இருந்தாத்தான் பயறுங்க."

இருவரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் லூப்பே எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"ஏனக்கா, என்ற புள்ள எடத்துக்கு வந்தவளுக்கு நான் சீர் செய்யோணுமா?" என்றேன்.

"அவ என்னைய அத்தைங்கறா. அப்ப நீ அவளுக்கு அப்பன் முறை ஆகலியா? பெத்தவங்க கடலுக்கு அந்தப்பக்கம் இருக்கறாங்க. கட்டுச்சோறு கொண்டார இங்க வேற யாரப்பா இருக்கறா?"

"என்னால ஆகாதுங்க."

"உன்ற புள்ளைக்கு இவன் மேல இஷ்டம் இருந்துச்சான்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

"அதுல கேக்கறதுக்கு என்ன இருக்குது?"

அக்கா ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக் கொத்தமல்லி தூவி நீட்டினார். "கோபம் உன்னோடயே இருக்கட்டும். இதக் குடிச்சுப்போட்டுப் போ சாமி." நான் வாங்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பினேன். அப்போது பஸ் எதுவும் இல்லை.

கட்டுச்சோற்றன்று நடந்ததை, எனக்குத் தெரியாமல் போய் வந்த என் மகள்தான் பின்னால் சொன்னாள். அக்கா விடியற்காலையில் அந்தக் குழம்பைச் சமைத்து, சட்டியைப் பக்கத்து வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார். கூட்டம் சேர்ந்ததும் சட்டியை இடுப்பில் ஏந்தி, வெளியூரிலிருந்து வருகிறவர்போலத் தெருவழியாக நடந்து வந்தாராம். "தள்ளுங்க, தள்ளுங்க. பொறந்த ஊட்டுச் சோறு வந்திருக்குது!" பெண்கள் சிரித்தார்களாம். லூப்பே அழுதாளாம். கணவரை இழந்தவர் சீர் கொண்டு வரலாமா என்று அங்கேயே முணுமுணுத்தவர்களும் உண்டு. அந்தப் பேச்சு நான் போகாததால் அவருக்கு வந்தது. என் மகள் இதைச் சொல்லி முடித்து, "நான் செந்திலக் கட்டிக்கறேன்னு எப்பங்கப்பா சொன்னேன்?" என்று கேட்டாள். அவள் இன்று வேறிடத்தில் நன்றாக வாழ்கிறாள்.

அதற்குப் பிறகாவது நான் போய் அங்கே சாப்பிட்டிருக்கலாம். சொன்ன சொல்லை மாற்றிக்கொள்வது கௌரவக் குறைவு என்று நினைத்து ஆண்டுகளைப் போக்கினேன். அக்கா படுத்த படுக்கையானார். கடைசி மாதங்களில் அவருக்கு இறங்கியது லூப்பே வடித்துக் கொடுத்த பயற்று நீர் மட்டும்தான். கட்டிலருகே உட்கார்ந்து பழைய கதைகள் பேசினேன். அந்தக் கட்டுச்சோற்றைப் பற்றி மட்டும் அக்காவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு மாலை தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

காரியங்கள் முடிந்து சில வாரம் கழித்துப் போனேன். லூப்பே அதே குழம்பை வைத்திருந்தாள். "எனக்கும் கொஞ்சம் ஊத்து அம்மணி" என்றேன். இலை போட்டாள். பரிமாறிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அத்தை இருக்கறப்பவே சாப்பிட வந்திருக்கோணுங்க, சித்தப்பா."

அவள் சொன்னது சரி. சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

அக்காவை வீட்டுக்கே வந்து கவனித்த மருத்துவருக்கும், இரவு பகல் துணையிருந்த பக்கத்து வீட்டாருக்கும், தறிக்கூடத்தை நிறுத்தாமல் நடத்தித் தந்த தொழிலாளர்களுக்கும், துக்க நாள்களில் சோறு கொண்டு வந்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெற்ற தாயைப் போல அவரைக் குளிப்பாட்டி ஊட்டிய லூப்பேக்கு நன்றி சொல்லும் உரிமையை நான் இனிமேல்தான் சம்பாதிக்க வேண்டும்.

வரும் தை மாதம் அக்காவின் பேத்திக்குக் காது குத்துகிறார்கள். தாய்மாமன் மடிக்கு எங்கே போவது என்று உறவினர் சிலர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். லூப்பேயின் சம்மதத்தைக் கேட்டுவிட்டேன், சரி என்றாள். லூப்பேக்கு உடன்பிறந்தான் முறையாகும் என் மகன் மடி கொடுப்பான். பிறந்த வீட்டுச் சீர் நான் குடியிருக்கும் சரவணம்பட்டியிலிருந்து வரும். தட்டை நானே சுமந்து வருவேன்.