ஒரு ஜாடித் தண்ணீர்

போன வாரம் வீட்டுக்கு ஒரு விருந்தாளி. யாரென்று நினைக்கிறீர்கள்? தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷினை ரிப்பேர் செய்ய வந்த மெக்கானிக்! அந்த வாரம் முழுக்க என் வாசல்படி ஏறிய ஒரே மனிதர்.

பின்பக்கம் ஒரு திருகைத் திருப்பினார். "ரொம்பச் சுத்தமா இருந்தா ருசியே இருக்காது சார். கொஞ்சம் சுத்தம் பண்ணாத தண்ணியக் கலந்து விட்டிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டிக்கு வெளியே, எட்டயபுரம் ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே ஒரு பழைய பருத்தி குடோன். அதுதான் எங்கள் லேப். உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் சவ்வைத் தயாரித்துச் சோதிப்பது என் வேலை. கரைசலைக் கண்ணாடியில் ஊற்றி, பிளேடால் ஒரே இழுப்பாக இழுத்து, ஐஸ் தண்ணீரில் முக்க வேண்டும். அப்படி உருவாகும் சவ்வு அப்புறம் காயவே கூடாது. காய்ந்தால் போச்சு! அதனால் ஞாயிற்றுக்கிழமைகூட நகர முடியாது.

மனைவி மெட்ராஸில். நான்கு மாத மகளை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். பேச்சுத் துணைக்கு பம்ப் சத்தம்... அப்புறம் கண்ணாடி கழுவ வரும் செல்லம்மாக்கா. "சாப்ட்டியளா சார்?" என்று கேட்க எனக்கு அங்கே வேறு யார்?

ஒருநாள் மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஜீப்பில் வந்தார். சோதனை தேறினால் ஊருக்கு நல்ல தண்ணீர். தேறாவிட்டால் லேபுக்குப் பூட்டு. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது, பம்ப் நின்றது! காலையில் பிடித்து வைத்த ஜாடித் தண்ணீரில் உப்பை அளக்கும் மீட்டரை விட்டார். முள் எகிறியது.

"சவ்வு சரியில்லை. மூடிடலாம். நீங்க மெட்ராஸ் வந்துடுங்க" என்று ஜீப்புக்கு நடந்தார்.

கதவோரம் நின்ற செல்லம்மாக்கா என்னிடம் கிசுகிசுத்தார். "உங்க தண்ணி சப்புன்னு இருந்துச்சு சார். பெரியவிய குடிப்பாவளேன்னு, பாதிக்குப் பாதி நம்ம கெணத்துத் தண்ணிய ஊத்தி வச்சேன். நல்லாருக்குன்னாவளா?"

ஜீப் இன்னும் கிளம்பவில்லை. ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னேனா? மகள் முகம்தான் கண்ணில் நின்றது.

"நல்லாருக்குன்னாரு, அக்கா" என்றேன்.

லேபை மூடினார்கள். செல்லம்மாக்காவுக்கு வேலை போனது. ஊர் அதே உப்புத் தண்ணீரைக் குடித்தது. நான் தனிமைக்குப் பயந்து ஓடி வந்தேன். அந்த மகள் இப்போது அமெரிக்காவில்... ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள்.

மெக்கானிக் டம்ளரை நீட்டினார். "குடிச்சுப் பாருங்க. நல்லாருக்கா சார்?"

"நல்லாருக்கு" என்றேன் - இந்தத் தடவை பொய் இல்லை.