அம்மாவின் வலது கண்

அம்மா எங்களை விட்டுச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அம்மாவின் பொறுமையைப் பற்றி எழுதும்படி உறவினர் சிலர் கேட்டார்கள். அம்மாவிடம் பொறுமை நிறையவே இருந்தது. ஆனால் ஒருவரிடம் மட்டும் அதைக் காட்ட மறுத்தார். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது மாயவரத்தில். துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பாவை மணந்து கல்கத்தாவுக்கு வந்தார். லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மாமியாருக்குப் பணிவிடை செய்துகொண்டே பி.எட். முடித்து, பள்ளியில் பூகோள ஆசிரியையானார். கரும்பலகையில் ஹூக்ளி நதியை அதன் வளைவுகளோடு ஒரே இழுப்பில் வரைவார். அண்ணாவையும் என்னையும் படிக்க வைத்தது பெரும்பாலும் அம்மாவின் சம்பளம்தான்.

ஓய்வு பெற்ற சில ஆண்டுகளில், தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு நாள் காலை அம்மா இல்லாத கொசுவை விரட்டிக்கொண்டிருந்தார். வலது கண்ணில் கரும்புள்ளிகளும் நூலிழைகளும் மிதப்பதாகச் சொன்னார். கண்ணை எந்தப் பக்கம் திருப்பினாலும் கூடவே வந்தனவாம். ஓரத்தில் மின்னல் போல வெளிச்சம் வெட்டியது. அன்றே அவரை, இங்குள்ள தமிழர்கள் கூடும் நம் சபாவில் எல்லோரும் மதித்த கண் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர் உயிரோடு இருப்பதால் பெயரை எழுத வேண்டாம் என்று அண்ணா கேட்டுக்கொண்டார். எழுதவில்லை.

அவர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விடவில்லை.

"வயசானா எல்லாருக்கும் பூச்சி பறக்கும் மாமி. பத்திரிகைல படிச்சுட்டு வரவா மாதிரி பயப்படாதீங்கோ. போய் நிம்மதியா சீரியல் பாருங்கோ" என்றார்.

"மின்னலும் வெட்டறதே டாக்டர்?" என்று அம்மா கேட்டார்.

"மழை வரப்போறதோ என்னமோ" என்று சிரித்தார்.

அடுத்த வாரம் அம்மாவின் வலது கண்ணில் பக்கவாட்டிலிருந்து ஒரு திரை இறங்கத் தொடங்கியது. ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரிந்தன. மறுபடி ஓடினோம். அப்போதுதான் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தார். விழித்திரை பிரிந்திருந்தது. பெரிய மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் அந்தக் கண்ணுக்கு வெளிச்சமும் இருட்டும் மட்டுமே மிஞ்சின. கிழிசலாக இருந்தபோதே பார்த்திருந்தால் லேசரில் அடைத்திருக்கலாம் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார்.

கண் போனதற்கு அம்மா அழுதார். ஆனால் அவரைக் கொதிக்க வைத்தது வேறு. அந்த நவராத்திரியில் சபாவில் நாலு பேர் நடுவே, "மாமி ரொம்ப லேட்டா வந்தா. நான் என்ன பண்ண முடியும்?" என்று அந்த மருத்துவர் சொன்னார். அம்மா பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அதற்கடுத்த சனிக்கிழமை அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு அவருடைய கிளினிக்குக்குச் சென்று, காத்திருப்போர் பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் வந்து அமர்ந்தவர்களிடம் தமிழிலும் வங்க மொழியிலும் ஒரே செய்தியைச் சொன்னார்: "புள்ளி திடீர்னு நிறைய வந்தா, மின்னல் வெட்டினா, சொட்டு மருந்து விட்டுப் பாக்கச் சொல்லுங்கோ. நான் கேக்காம விட்டேன், கண்ணு போச்சு." பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சென்றார்.

அப்பா கெஞ்சினார். "விட்டுடேன். அவரும் மனுஷர்தானே."

"நானும் மனுஷிதானே" என்றார் அம்மா.

ஒரு நாள் நானும் கூடப் போயிருந்தபோது மருத்துவர் எங்களை உள்ளே அழைத்தார். "மாமி, நான் உங்களுக்கு என்ன பண்ணணும், சொல்லுங்கோ."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். நான் முதல்லயே வந்தேன், நீங்கதான் சரியாப் பாக்கலைன்னு சபாவில சொல்லுங்கோ."

"அதை எப்படி மாமி சொல்றது?"

"அப்போ நானே சொல்லிக்கறேன்" என்று எழுந்து மீண்டும் பெஞ்சுக்கே போனார்.

அந்தப் பெஞ்சில்தான் காளிகாட்டிலிருந்து வந்த வங்காளப் பெண்மணி, நாங்கள் மாஷி (சித்தி) என்று அழைத்த சந்தனா மாஷி, அம்மாவுக்குப் பழக்கமானார். அவர் கண்ணிலும் மின்னல். அம்மா சொன்னபடி உள்ளே போய்ச் சொட்டு மருந்து கேட்டு அடம்பிடித்தார். கிழிசல் இருந்தது. லேசர் வைத்துக் கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். மாஷி சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்து, "தீதி, தீதி" என்று அக்காவை அழைப்பதுபோல் அழைத்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மருத்துவரோ அதைத் தன் திறமையாகச் சொல்லிக்கொண்டார்.

"கண்டுபிடிச்சது அவர்தான். கண்டுபிடிக்க வெச்சது யாருன்னு அவருக்குத் தெரியும்" என்றார் அம்மா. அதன்பின் அந்தக் கிளினிக்கில் கேட்காமலே எல்லோருக்கும் சொட்டு மருந்து விட்டார்கள். ஆனாலும் அம்மா போவதை நிறுத்தவில்லை. அவர் கேட்டது அதுவல்லவே.

சில ஆண்டுகள் கழித்து இடது கண்ணிலும் புள்ளிகள் கொட்டின. அம்மா அடுப்பை அணைத்தார். மாஷியோடு டாக்ஸியில் நேரே பெரிய மருத்துவமனைக்குச் சென்று, அன்றே லேசர் செய்துகொண்டு திரும்பினார். அந்தக் கண்ணால் கடைசிவரை செய்தித்தாள் படித்தார். அப்பாவின் இறுதிக் காலத்தில் மருந்துச் சீட்டுகளை அவரே படித்துக் கொடுத்தார்.

சென்ற ஆண்டு அம்மா இதயம் பலவீனமாகி மருத்துவமனையில் கிடந்தபோது, அந்த மருத்துவர் பழக்கூடையோடு வந்தார். தலை நரைத்து, தடி ஊன்றியிருந்தார்; கிளினிக்கை மட்டும் இன்னும் விடவில்லை. கட்டிலருகே குனிந்து, "மாமி, என்னைத் தெரியறதா?" என்றார்.

"நன்னாத் தெரியறது" என்று சொல்லிவிட்டு அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கூடையை வாசலிலேயே அவரிடம் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு நாளில் அம்மா போய்விட்டார்.

இடது கண்ணைக் காத்த மருத்துவருக்கும், ஆஸ்பத்திரியில் முறை வைத்துத் துணைக்கிருந்த மாடி வீட்டாருக்கும், தமிழே தெரியாமல் பதின்மூன்று நாளும் எங்களோடு இருந்த சந்தனா மாஷிக்கும், காரியங்களை நடத்திக்கொடுத்த சாஸ்திரிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இம்மலரைத் தபாலில் பெறுவோர் பலர். அந்த மருத்துவருக்கு மட்டும் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பேன். சனிக்கிழமை காலை, அவருடைய கிளினிக்கில், பெஞ்ச் நிறைந்திருக்கும் நேரத்தில்.