எமிலி மேடத்தின் அடக்கத்துக்கு நான் ஏன் வரவில்லை

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மேடத்தின் கணவர் சாமுவேல் சார் போன் செய்தார். அவர் அந்த நேரத்தில் எனக்குப் போன் செய்பவர் அல்ல. எடுத்ததும், "வளர்மதி, மேடம் போயிட்டாங்கம்மா" என்றார். விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் தறியில் உட்காரப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தேன். செருகியது செருகியபடியே ஓடினேன்.

இந்த நினைவு மலருக்கு நாலு வரி எழுதித் தரச் சொல்லி சார் கேட்டார். நாலு வரியில் முடிகிற விஷயமா இது? ஒரு மாதமாக ஆரணியில் என் முகத்துக்கு நேராகவும் முதுகுக்குப் பின்னாலும் ஒரே பேச்சு. வேலை கொடுத்து ஆளாக்கிய மகராசிக்கு ஒரு பிடி மண் போட வரவில்லையே, இவளெல்லாம் ஒரு பெண்ணா என்று. கேட்டவர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அதனால் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். மன்னிப்புக் கேட்கிற பதில் இல்லை இது.

எமிலி மேடத்தை நான் முதலில் பார்த்தது என் வீட்டு வாசலில். என் கணவர் செய்யாறு ரோட்டில் ஒரு கம்பெனி பஸ் மோதிச் செத்து மூன்றாவது நாள். வீடு நிறைய ஜனம். வெள்ளைப் புடவையும் கறுப்புக் கோட்டுமாக, கையில் ஒரு ஃபைலோடு ஒரு அம்மா வந்து நின்று, எஃப்.ஐ.ஆர். காப்பி வாங்கினீர்களா என்று கேட்டால் எப்படி இருக்கும்? என் மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் வீட்டில் வருஷம் திரும்பும்வரை செத்தவர் பேரில் எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடமாட்டார்கள். நஷ்டஈடு என்ற பேச்சே வீட்டுக்குள் வரக்கூடாது. அது ரத்தக் காசு. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான்.

பேசியது நான்தான். "எம்புருஷன வித்துத் துன்ற நெலமைக்கு நாங்க இன்னும் வரல. எழுந்து போங்க" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆறு மாசம்மா. அதுக்குள்ள கோர்ட்டுல மனு போட்டாகணும். இப்ப சட்டம் அப்டி. உனக்கு எப்ப தோணுதோ அப்ப வா, ஆனா ஆறு மாசத்துக்குள்ள வா" என்று சொல்லி, தன் விலாசம் எழுதின சீட்டை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வாய்த் தண்ணீர்கூட நாங்கள் கொடுக்கவில்லை.

ஊரில் அவருக்குப் பொண வக்கீல் என்று பெயர். பலருக்கு நினைவிருக்கும், சொன்னவர்களே இதைப் படிக்கிறவர்களில் இருக்கிறீர்கள். கல்யாண வீடுகளில் அவரைப் பார்த்தால் பெண்கள் குழந்தைகளை மடியில் இழுத்துக்கொள்வார்கள். ஒரு கல்யாணத்தில் பக்கத்து நாற்காலிக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். காலியான நாற்காலியில் தன் பையை வைத்தார், அடுத்ததில் குடையை வைத்தார், கால் நீட்டி உட்கார்ந்து பந்தியில் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார். சர்க்கரை வியாதிக்காரர். நான் திட்டியதற்கு, "இவ்ளோ காத்து எந்தக் கல்யாணத்துல வருது, சொல்லு" என்றார்.

அவருடைய சபைப் போதகரான ஐயரும் ஒருநாள் சர்ச் வாசலிலேயே கேட்டுவிட்டார், துக்க வீட்டை நாற்பது நாளாவது நிம்மதியாக விடக்கூடாதா அம்மா என்று. மேடம் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஐயரே, அந்த நாப்பது நாள் ஜெபத்த நீங்க பண்ணுங்க. மீதி நூத்தி நாப்பது நாள எனக்கு உடுங்க." ஐயர் சிரித்துவிட்டார். பிறகு துக்க வீடுகளுக்குப் போகும்போது அவரே மேடத்துக்குப் போன் செய்து சொல்ல ஆரம்பித்தார்.

எனக்கு வருஷம் திரும்பியது. திதி முடித்த மறுநாள் அந்தச் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறைதான் ஆபீஸ். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்க மகாராணி. அன்னிக்கு எனக்குத் தண்ணி இல்ல. இன்னிக்கு உனக்கு டீ உண்டு, குடி" என்றார். டீ வாயில் வைக்கச் சகிக்கவில்லை. அவர் போட்ட டீ என்றைக்குமே அப்படித்தான்.

பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தினசரி காலண்டர் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். போன வருஷத்துத் தாள். என் கணவர் செத்ததிலிருந்து ஆறாவது மாதத்துத் தேதி. அதில் சிவப்பு மையில் என் பெயரும் தெருவின் பெயரும், கீழே 'கடைசி' என்றும் எழுதியிருந்தது. யார் வீட்டில் விபத்துச் சாவு விழுந்தாலும் சுவரில் மாட்டிய காலண்டரில் ஆறு மாதம் தள்ளிப் புரட்டி அந்தத் தாளில் பெயரை எழுதிவைப்பது அவர் வழக்கம். விரட்டி விட்டவர்கள் பெயரையும் எழுதுவார். "அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் உன்ன எதிர்பாத்துகினே உக்காந்திருந்தேன். வயிறு எரிஞ்சிச்சு" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. கணவர் செத்ததற்குக்கூட நான் அப்படி அழவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள், மாமனார் மாமியார், ஒற்றைத் தறி. வழக்கம் காப்பாற்றினோம் என்று வீறாப்பாக இருந்துவிட்டு, பிள்ளைகளுக்கு வரவேண்டியதை என் வாயாலேயே விரட்டியிருந்தேன்.

ஏன் மூன்றாம் நாளே துக்க வீட்டுக்குப் போகிறார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. முன்பெல்லாம் விபத்துச் சாவு மனுவுக்குக் கெடு கிடையாது. எத்தனை வருஷம் கழித்தும் போடலாம். அந்தப் பழக்கத்தில் ஒரு வயதான தம்பதியை, மகனைப் பறிகொடுத்தவர்களை, "காரியமெல்லாம் முடிச்சுட்டுப் பொறுமையா வாங்க" என்று அனுப்பிவைத்தார். இடையில் ஆறு மாதக் கெடு அமலுக்கு வந்துவிட்டது, மகன் செத்தது அதற்குப் பிறகு. சட்டம் மாறினதை மேடம் கவனிக்கவில்லை. அவர்கள் பொறுமையாக வந்தார்கள், ஏழாவது மாதம். "அந்தக் கெழவரு என்னத் திட்டவே இல்ல வளர்மதி. பரவால்லம்மான்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. திட்டியிருந்தா நான் மறந்திருப்பேன்" என்று ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்துதான் காலண்டர், மூன்றாம் நாள், பொண வக்கீல் என்ற பெயர் எல்லாம்.

என் மனுவையும் போட்டார். தாமதம் என்று திருப்பினார்கள். மறுபடி போட்டார், மறுபடி திருப்பினார்கள். எனக்குச் சலித்துவிட்டது, விடுங்கள் மேடம் என்றேன். "திருப்பிக் குடுக்கறது அவங்க வேல. திரும்பக் குடுக்கறது நம்ம வேல" என்றார். கடைசியில் நீதிபதி முன்னால் நின்று அவர் பேசியதை நான் பின் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். விபத்து நடந்த மூன்று மாதத்துக்குள் போலீஸ் தானாகவே அறிக்கை அனுப்பவேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது, அந்த அறிக்கையையே மனுவாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது, அது ஏன் இன்றுவரை வரவில்லை என்று கேட்டார். போலீஸ் கெடு தாண்டினால் கேட்க ஆளில்லை, தாலி அறுத்தவள் கெடு தாண்டினால் மட்டும் கதவைச் சாத்துவீர்களா என்று, அதைத்தான் கோர்ட்டுக்கு ஏற்ற மரியாதையான தமிழில் கேட்டார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. அப்புறம் உச்ச நீதிமன்றம், இந்தக் கெடு செல்லுமா செல்லாதா என்று முடிவாகும்வரை தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளாதீர்கள் என்று இடைக்காலமாகச் சொன்னது. என் மனுவுக்கு எண் விழுந்தது. விசாரணை இப்போது நடக்கிறது.

இப்படி மனுவோடு அவர் பின்னால் அலைந்ததில்தான் நான் காலையில் தறி, பத்து மணிக்கு மேல் அவரிடம் குமாஸ்தா என்று ஆனேன். இடைக்கால உத்தரவு வந்த பிறகு, இனி அவசரமில்லை, காலண்டரைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். முறைத்தார். "இடைக்காலம்னா இன்னா அர்த்தம்? நாளைக்கே மாறலாம்னு அர்த்தம். அத நம்பி ஒருத்தியும் ஒரு நாள் லேட் ஆவக்கூடாது" என்றார்.

இப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

ஏழு மணிக்கு மேடத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். முன்னறைக்கு வந்தால், சாமுவேல் சார் தினமும் செய்கிற பழக்கத்தில், அழுதுகொண்டே முந்தின நாள் காலண்டர் தாளைக் கிழித்திருந்தார். கீழே இருந்த தாளில் சிவப்பு மை. 'அம்சா, களம்பூர். கடைசி.'

அம்சாவின் கணவர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கியவர். மில் வாசல் ரோட்டில் பின்னால் வந்த லாரி ஏறிச் செத்துப்போனார். சான்றிதழ்கள் கைக்கு வர நாளாகி, மேடத்துக்கும் இரண்டு வாரம் உடம்பு முடியாமல் போய், மனு தயாராகி அன்றைக்குத்தான் போடுவதாக இருந்தது. ஆனால் வக்காலத்து மேடத்தின் பேரில். வக்கீல் செத்தால் வக்காலத்தும் செத்தது. புதிதாக ஒரு வக்கீல் கையெழுத்துப் போடவேண்டும். வந்திருந்த வக்கீல்களில் மூன்று பேரிடம் கேட்டேன். மேடத்துக்கு மரியாதையாக அன்று யாரும் கோர்ட் வேலை பார்ப்பதில்லை என்று சங்கத்தில் முடிவெடுத்திருந்தார்கள். ஒருவர் என்னைக் கடிந்துகொண்டார். "மேடம் பாடி உள்ள இருக்கு, நீ கேஸ் போடணும்ன்ற. தாமதம்னு தள்ளக்கூடாதுன்னு ஆர்டர் இருக்குதுல்ல, நாளைக்குப் போடு" என்றார்.

யார் சாவுக்கு யாருக்கு மரியாதை? ஆறு மாதக் கெடுவோடு சண்டை போட்டே தேய்ந்த மனுஷிக்கு, ஒருத்தியின் கெடுவைத் தவறவிட்டுத்தான் மரியாதை செய்யவேண்டுமா? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாமுவேல் சாரிடம் போய்ச் சொன்னேன். மூன்று மணிக்கு அடக்கம், நான் இருக்கமாட்டேன் என்றேன். அவர் ஃபைலைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தார். "ஜல்தி போ. மூணு மணிக்கு நீ இங்க நின்னுகினு இருந்தா, அவளே எழுந்து வந்து உன்னத் திட்டுவா" என்றார். இதற்கு அவர்தான் சாட்சி, கேட்டுக்கொள்ளுங்கள்.

களம்பூரில் அம்சா மில் களத்தில் நெல் தள்ளிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "வக்கீலம்மாவே போயிட்டாங்க. இன்னிக்கு வேணாங்கா. துக்கம் முடியட்டுங்கா" என்றாள். "நானும் அப்டிதான் சொன்னேன் அம்சா" என்றேன். அவளுக்கு என் கதை தெரியும். கால் தூசியைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினாள்.

வக்கீல் இல்லாமலே பாதிக்கப்பட்டவர் நேரில் மனு போடலாம் என்று மேடம் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். கோர்ட் வாசல் டைப்பிஸ்டிடம் கடைசிப் பக்கத்தை மாற்றி அடித்தோம். மேடத்தின் கையெழுத்து இருந்த பக்கத்தை எடுத்துத் தனியே மடித்து வைத்துக்கொண்டேன். அம்சா நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். கவுண்டரில், வக்கீல் எங்கே என்று கேட்டார் எழுத்தர். செத்துட்டாங்க, இவங்களே போடறாங்க என்றேன். நாளைக்கு வாங்களேன் என்றார். நாளைக்கு இவளுக்கு நாள் இல்லை சார் என்றேன். பக்க எண் சரியில்லை என்றார், அங்கேயே நின்று திருத்தினோம். ஸ்டாம்ப் ஒன்று குறைகிறது என்றார், ஓடிப்போய் வாங்கி வந்தேன். அப்போது சர்ச் மணி அடிக்க ஆரம்பித்தது. எடுத்துவிட்டார்கள் என்று புரிந்தது. என் கால் தானாகத் திரும்பியது, உண்மை. அம்சா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் நின்றேன். மணி நின்ற பிறகும் கொஞ்ச நேரம் ஆயிற்று அவர் முத்திரை குத்துவதற்கு.

நாங்கள் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனபோது மாலைகள்கூட அடுக்கி முடித்திருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. மறக்கவும் வேண்டாம். நான் மண் போடவில்லை. மறுபடி அப்படி ஒரு நாள் வந்தாலும் கவுண்டரில்தான் நிற்பேன்.

அந்தக் காலண்டர் இப்போது என் வீட்டில் தறிக்கு எதிர்ச் சுவரில் தொங்குகிறது. போன வாரம் ஒரு வீட்டுக்கு மூன்றாம் நாள் போனேன், விரட்டினார்கள். பெயரை எழுதிவைத்திருக்கிறேன். அந்த வீட்டுக்காரர்களும் இதைப் படித்தால், அடுத்த மாதம் மறுபடி வருவேன் என்று தெரிந்துகொள்ளட்டும்.

அவருடைய பொருள் என்று என்னிடம் இருப்பது அந்தக் காலண்டரும், மடித்து வைத்த அந்தக் கையெழுத்துப் பக்கமும், அம்சாவின் மனுவுடைய முதல் பக்க நகலும். நகலில் கோர்ட் முத்திரை கொஞ்சம் சாய்வாக விழுந்திருக்கிறது, ஆனால் தேதி தெளிவாகத் தெரிகிறது. சாமுவேல் சார் கல்லில் வெட்டக் கொடுத்திருக்கிறாரே, அதே தேதி. கல்லறைக்கு வருகிறவர்கள் அதைப் படித்து, எமிலி மேடம் செத்த நாள் என்று சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கும் அம்சாவுக்கும் அது, அவர் கடைசியாக ஒரு மனுவைக் கெடுவுக்குள் போட்ட நாள்.