மூடிக்குள் இரண்டு பேர்

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைப் பெட்டி உண்டு. பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்த டச்சுத் துரை, எங்கள் பாட்டனுக்குப் பாட்டன் பிடித்துக் கொடுத்த கொடுவா மீனின் ருசியில் மயங்கிப் பரிசளித்த புகையிலைப் பெட்டி அது என்பார் நைனா. அந்த மீன் வருஷத்துக்கு ஒரு சாண் நீளமாகிக்கொண்டே வந்தது.

ஏரியில் யார், என்றைக்கு, எந்த இடத்தில் வலை போடுவது என்று எங்கள் ஊரில் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். ஊரின் பழைய குடும்பங்களுக்குத்தான் பாடு. வெளியிலிருந்து வந்தவர்களுக்குக் கிடையாது. சீட்டுகளை எங்கள் பெட்டியில் போட்டுத்தான் எடுப்பார்கள். அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியாது.

எனக்கு எட்டு வயது. சீட்டுக்கு முந்தின நாள் பெட்டியைப் புளி போட்டுத் தேய்த்தேன். கறுப்பு விட்டதும் மூடியின் உட்புறம் ஆணியால் கீறிய படம் தெரிந்தது. பெரிய கப்பல். அதிலிருந்து குதித்து, ஒரு கையில் இதே பெட்டியைத் தூக்கிப் பிடித்தபடி நீந்தி வருகிறான் ஒருவன். எதிரே கட்டுமரத்தில் நின்று கை நீட்டுகிறான் இன்னொருவன். ஊர் கூடும்போது சொல்லிக் கைதட்டு வாங்கலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் கோயில் வாசலில் எல்லோரும் உட்கார்ந்ததும் மூடியைத் திறந்து காட்டினேன்.

"நைனா, நம்ம பாட்டனுக்குத் துரை ஒண்ணும் குடுக்கல. கப்பல்லேர்ந்து குதிச்சி வந்தவரு அவுரு!"

ஒருவரும் கைதட்டவில்லை. நைனாவின் முகம் வெளிறிவிட்டது.

"அப்போ இவங்க வெளியூரு. இவங்களுக்கு இன்னாத்துக்குப் பாடு?" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

ஊர்த்தலைவர் எனக்கு மாமா முறை. மூடியை வாங்கி வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அட, கட்டுமரத்துல நிக்கிறது எங்க பாட்டன்பா! மூக்கப் பாரு, அப்டியே எங்க மூக்கு. எங்க பாட்டன் கை குடுத்துத் தூக்கிக் கரை சேத்துட்டா அவன் ஊர்க்காரன்தான். இன்னா, யாருக்காவது பேச்சு இருக்குதா?"

எல்லோரும் சிரித்துக்கொண்டே சீட்டை எடுத்தார்கள். எங்களுக்கு முகத்துவாரத்துப் பக்கம் நல்ல இடம் விழுந்தது. முதல் நாள் கிடைத்த இறாலில் பெரியதாகப் பொறுக்கித் தலைவர் வீட்டுக்கு அனுப்பினாள் அம்மா.

எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை.

"அந்தக் கட்டுமரத்து ஆளுக்கு மூக்கே போடலம்மா! வெறும் வட்டம்தான். மாமா பொய் சொல்றாரு" என்று அழுதேன்.

"வாய மூடுடி" என்றாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

எங்கள் பெட்டிக்குள் இருந்த ஆளை ஊரார் முன்னால் அபகரித்துக்கொண்ட அந்த மனிதரோடு நான் ஒரு மாதம் பேசவில்லை. எதிர்ப்படும்போதெல்லாம் அவர் தன் மூக்கைத் தடவிக் காட்டுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் உலை கொதித்தது அவருடைய பச்சைப் பொய்யால்தான் என்பது அப்போது எனக்குத் தெரியவே தெரியாது.