ஹமூதி குடிக்காத மூன்றாம் கிளாஸ்

என் தம்பி ஹமூதிக்கு நேரம் பார்க்கக் கைக்கடிகாரம் வேண்டாம், கடல் போதும். எங்கள் கடலோர ஊரான நுவாம்காரிலிருந்து தலைநகருக்குத் தார்ச்சாலை வராத காலம் அது. கடல் வற்றியதும் ஈரமணல் இறுகிக் கிடக்கும். அதுதான் எங்களுக்குச் சாலை. இடப்பக்கம் சக்கரம் புதையும் மணல்மேடு, வலப்பக்கம் அலை. மறுபடி கடல் ஏறுவதற்குள் ஓடிவிட வேண்டும். இருபத்திரண்டு வருடம் ஜீப் ஓட்டியவன், ஒரு வண்டியைக்கூடக் கடலுக்குக் கொடுத்ததில்லை. அந்தத் திமிர் அவனுக்கும் உண்டு, அக்கா என்பதால் எனக்கும் உண்டு.

அதே கடல்தான் அவன் குடும்பத்தையும் கெடுத்தது. எங்கள் பக்கம் யார் கூடாரத்தில் உட்கார்ந்தாலும் மூன்று கிளாஸ் தேநீர் குடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். நடுவில் எழுவது முகத்தில் அடிப்பது மாதிரி. கிளாஸுக்குக் கிளாஸ் சர்க்கரை கூடும், ஒவ்வொன்றும் கொதித்து, ஆற்றி, நுரைத்து வர நேரம் பிடிக்கும். மனைவி மஹ்ஜூபா போட்ட மூன்றாவது கிளாஸைப் பத்து வருடத்தில் அவன் ஒரு நாளும் குடித்ததில்லை. "கடல் வத்திடுச்சு" என்று கிளம்பிவிடுவான். நாலு மாதம் முன்பு அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். தம்பி என்பதற்காக நான் பூசி மெழுகப் போவதில்லை, தப்பு அவன்மேல்தான்.

அன்று மதியம் வயதான ஒரு பிரெஞ்சுக்காரத் தம்பதியை ஏற்றியிருந்தான். தேசியப் பூங்காவில் நாலு நாள் பூநாரைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். மறுநாள் விடிகாலையில் அவர்களுக்கு விமானம். பின்னால் மூன்று மூட்டை மடவைக் கருவாட்டோடு நான். ஊரைத் தாண்டுமுன் மஹ்ஜூபாவின் அப்பா பிலால் வண்டிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"எறங்கு மாப்ள. இன்னைக்கு மூணு கிளாஸும் குடி, அவ உன்கூட வருவா. இல்லன்னா முடிச்சுக்குவோம்."

"மாமா, கடல் திரும்பப் போகுது. நாளைக்கு வந்து..."

"பத்து வருசமா நாளைக்குத்தான்."

கூடாரத்துக்குள் மஹ்ஜூபா கரியை ஊதிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. ஹமூதி கடலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், உட்கார்ந்துவிட்டான்.

முதல் கிளாஸ் முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. பிரெஞ்சுக்காரி கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள்.

"டேய், எந்திரிடா! வண்டியில ரெண்டு உசுரு இருக்கு!" என்று கத்தினேன்.

"சும்மா இரு அக்கா."

அவன் கண் கெட்டிலின் மேல், காது கடலில். அலைச் சத்தம் கிட்டே வர வர அவன் முழங்கால் ஆட ஆரம்பித்தது. மஹ்ஜூபா புதினாவைக் கிள்ளிப் போட்டாள், சர்க்கரையைத் தட்டிப் போட்டாள். அவசரமே இல்லை. பிறகு அந்த முழங்காலைப் பார்த்தாள். சட்டென்று கெட்டிலை இறக்கி, அதன் மூக்கில் துணியைத் திணித்தாள்.

"எந்திரி."

"இன்னும் ஊத்தலையே."

"உக்காந்தல்ல, அது போதும். என்னால யாரும் சாக வேணாம்."

கெட்டிலையும் கிளாஸையும் பற்றாத கரியையும் மூட்டை கட்டிக்கொண்டு என் கருவாட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள். பிலால் வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

ஹமூதி வண்டியை விரட்டினான். வழியில் ஒரு முனையில் மணல்மேடு கடல்வரை இறங்கியிருக்கும். நடுவில் ஒரு வண்டி போகும் அகலம்தான். அங்கே ஏற்கெனவே தண்ணீர். ஹமூதி அலை பின்வாங்கும்வரை காத்திருந்து பாய்ந்தான். பாதி தூரத்தில் அடுத்த அலை முன்பக்கத்தை மூடியது. எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

"எறங்குங்க! எல்லாரும் மேட்டுக்கு!"

பிரெஞ்சுக்காரியை அவன் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான். மஹ்ஜூபா மூட்டையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நடந்தாள். நான் அவள் புருஷன் கிழவரின் கையைப் பிடித்து இழுத்தேன். எங்களை மேட்டில் விட்டுவிட்டு அவன் மறுபடி இறங்கினான். தண்ணீர் நெஞ்சளவு. வண்டியை முதுகு கொடுத்துத் தள்ளினான். ஓர் அலையில் அவன் தலை மறைந்தது.

"விட்டுடு ஹமூதி!" மஹ்ஜூபா கூச்சலிட்டாள். "வண்டி போனாப் போகுது, நீ வா!"

தலை வெளியே வந்தது. வண்டியை விட்டான். தவழ்ந்து மேலே வந்து எங்கள் காலடியில் விழுந்தான்.

ஜீப் ஆடியது, சாய்ந்தது, பிறகு கூரை மட்டும் தெரிந்தது, அதுவும் போயிற்று. என் கருவாடும் போயிற்று. நான் ஒப்பாரி வைத்தே அழுதேன், வெட்கமில்லை. விமானத்தைத் தவறவிடப் போகிற கிழவர் ஹமூதியின் தோளில் கைவைத்தார். அவன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வருடம் அங்கே மூழ்கிக் கிடந்தது.

மஹ்ஜூபா மணலில் குழி பறித்துக் கரியைப் போட்டாள். கிழவரின் லைட்டரை வாங்கிப் பற்றவைத்தாள். கெட்டிலைச் சூடாக்கி, உயரத் தூக்கி ஊற்றி ஆற்றி, கிளாஸை அவனிடம் நீட்டினாள்.

"இப்ப எங்க எந்திரிச்சுப் போவ?"

அவன் வாங்கி ஒரு வாய் குடித்தான். நிறுத்தி, கிளாஸைப் பார்த்தான்.

"இவ்ளோ சக்கரையா போடுவ?"

"பத்து வருசமா இப்படித்தான் போடுறேன்" என்றாள் மஹ்ஜூபா.