ஏசிக்கு அடியில் வைத்த சிப்

மாமல்லபுரத்து மீன்பிடிப் படகுகளுக்கு வழிகாட்டும் கருவி செய்ய, பேட்டரியை அதிகம் தின்னாத இரண்டு பிராசஸர் சிப்களை எங்கள் படூர் அலுவலகத்தில் ஒப்பிட்டோம். அதில் ஒன்றை விற்க வந்த மனிதர் நிமிஷத்துக்கு ஒருதரம் சீப்பை எடுத்துத் தலை வாருவார். சூடேறினால் சிப் மந்தமாகிவிடும். அது தெரிந்தேதான் தன்னுடையதை ஏசிக்கு நேர் கீழேயும் மற்றதை வெயில் விழும் ஜன்னலோரத்திலும் வைத்தார்.

"படகுல ஏது சார் ஏசி?" என்றேன்.

"கடலுக்குப் போறவன் இன்னா, வேகத்த அளந்துகினா இருக்கப் போறான்?" என்று சிரித்தபடி, சீப்பில் சிக்கிய முடியை என் மேசைமேல் உதறினார்.

அந்த முடியைத் துடைத்தெறிந்தேன். பிறகு, அவருடைய சிப்பே வேகமானது என்ற அறிக்கையில் கையெழுத்தும் போட்டேன்.

இப்போது மாமல்லபுரம் போனால் படகுகள் நிற்கும் பக்கம் நான் போவதில்லை.