பக்கத்து இருக்கையில் இன்னொரு பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவளுக்கு முன்பெல்லாம் மிளகாய் மேடம் என்று பெயர். அவள் போட்ட சத்தத்தில் கற்க வந்த ஆறு பேர் பாதியிலேயே ஓடிப்போனார்கள். ஏழாவது ஆள் ஓடினால் நீயும் கூடவே ஓடிவிடு என்று முதலாளி சொன்ன வாரத்தில்தான், ஞாயிறுதோறும் தியான வகுப்பு நடத்தும் சாமியிடம் போய் உட்கார்ந்தாள். "கோபம் வந்தா பத்து மூச்சு எண்ணும்மா," என்றார் அவர். எண்ணினாள், வேலை தப்பியது.

மூன்று வருடம் கழித்து அந்தச் சாமியே கார் ஓட்டக் கற்க வந்தார். எப்படியாவது லைசென்ஸ் வாங்கிக் கொடுத்து நன்றியைத் தீர்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் சாமியின் சாந்தம் ஜன்னல் வழியாக இறங்கிப் போய்விட்டது. குறுக்கே வந்த சைக்கிள்காரரின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டினார். சிவப்பு விளக்குக்கும் இரண்டு வசவு கிடைத்தது. அவள் தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கை மிதித்தபடி மூச்சை எண்ணினாள்.

முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இவர்கிட்டயாம்மா நீ பொறுமை கத்துக்கிட்டே?"

"ஆமா சார். தனக்குன்னு மிச்சம் வைக்காம மொத்தத்தையும் எனக்குக் குடுத்துட்டாரு."

சாமி வண்டியை நன்றாகத்தான் ஓட்டினார். தேர்வு அதிகாரியைத் திட்டியதால் மூன்றாவது முறையும் தோற்றார். காரைவிட்டு இறங்காமல் அவளிடம் கேட்டார். "நான் இவ்வளவு கத்தறேன். உனக்கு எப்படிம்மா கோபமே வரல? எனக்கும் அதைச் சொல்லிக்குடேன்."

அவள் பத்து வரை எண்ணி முடித்தாள்.

"ஞாயித்துக்கிழமை ஒரு தியான வகுப்பு நடக்குது சாமி. நல்லாச் சொல்லித் தர்றாரு. அப்புறம் லைசென்ஸ் தானா வரும். நீங்களும் வாங்க, என் பக்கத்துல இடம் பிடிச்சு வைக்கறேன்."